ஆறு காம்பராவின் வெளிச்சம்

கம்பனித் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதற்கு மறு வருடம் அது. ஆகவே 1976, மாதம் மட்டும் நிச்சயமில்லை. உடப்புசல்லாவைப் பக்கம் நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. ஆனாலும் எங்கள் லயம் ஒன்று மின்சாரத்தில் எரிந்தது. அதன் நீளம் இரண்டடி.

அந்தப் பொம்மை லயத்தைச் செய்தவர் என் சித்தப்பா. ராகலையில் ரேடியோ திருத்தும் கடையில் அவருக்கு வேலை. செத்துப்போன ரேடியோக்களின் பெட்டிப் பலகையில் சுவர், உள்தகட்டில் கூரை, கண்டென்சர் டப்பாவில் தண்ணீர்த் தொட்டி, ஸ்பீக்கர்த் துணியில் ஜன்னல் சாக்கு. குடும்பத்துக்கு ஓர் அறையாக இருந்த ஆறு காம்பராவுக்கும், ரேடியோ முள்ளுக்குப் பின்னால் எரியுமே, அந்தக் குட்டி பல்பு ஒவ்வொன்று. எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கோத்துப் பழைய லொறி பேட்டரியில் மாட்டினார். ஞாயிறு அந்தியில், பனிமூட்டம் இறங்கும் நேரத்தில், ஆறும் பீடி நுனி மாதிரிச் சிவந்தன. குனிந்து எங்கள் காம்பராவுக்குள் பார்த்தேன். உள்ளே நான் இல்லாதது பயமாக இருந்தது.

இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்கள் பாஸ்போர்ட் வந்ததும் தோட்டத்தை விட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். முதல் காம்பராக்காரர்கள் போன பிறகு சித்தப்பா அந்தப் பல்பைக் கழற்றி, அந்த இடத்தை ஒரு கம்பித் துண்டால் இணைத்தார்.

"ஏன் சித்தப்பா கழட்டுறீங்க?"

"ஆளில்லாத வீட்டுல யாருடி வெளக்கு ஏத்துறது?"

அது இருண்டது. மற்ற ஐந்தும் முன்பைவிடக் கூடுதலாக எரிந்தன. அடுத்த குடும்பம் போனது. மீதி நான்கும் மஞ்சளாகின. போனவர்களின் வெளிச்சம் எங்களிடம் வந்து சேர்வதாக லயத்துப் பிள்ளைகள் நாங்கள் முடிவு செய்தோம். அதன் பிறகு காலிக் காம்பராக்களை ஓடித்தான் கடந்தோம்.

"பிள்ளைகளப் பயமுறுத்துற சாமான தூக்கி வீசுங்க தம்பி," என்றாள் அம்மா. அவர் வீசவில்லை.

கடைசியில் எரிந்தவை இரண்டு. ஒன்று எங்களது, மற்றது பக்கத்துக் காம்பரா அக்காவுடையது. அவளைச் சித்தப்பாவுக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் நாங்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தோம். அவள் அப்பா இந்தியாவுக்கு. அவள் பெயரும் அவருடைய மனுவில்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு அவள் எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றாள்.

"எங்க காம்பராவ மட்டும் இருட்டாக்கிறாதீங்க."

"நான் கழட்டுறதுனாலயா போறாங்க?"

"யாரு கண்டா? நீங்க கழட்டின வீடெல்லாம் காலிதானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கழற்றவில்லை. ஆனாலும் அவர்களுக்குப் பாஸ்போர்ட் வந்தது. நானுஓயா ஸ்டேசன்வரை சித்தப்பாதான் அவர்களுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் காம்பரா எவ்வளவு பிரகாசமாக எரியும் என்று பார்க்கும் ஆசையில் நான்தான் போடச் சொன்னேன். அக்கா வீட்டுப் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கம்பித் துண்டை முறுக்கினார். "நல்லாப் பாத்துக்க," என்றார்.

ஒரு கணம் எங்கள் காம்பரா மின்னல்போல் வெளுத்தது. 'டிக்' என்றொரு சத்தம். பிறகு அந்தச் சின்ன லயம் முழுக்க இருட்டு. பல்பின் கண்ணாடி உட்புறமாகக் கறுத்திருந்தது. பக்கத்தில், உண்மையான காலிக் காம்பராவில், கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"கடையில வேற பல்பு இருக்கும்ல சித்தப்பா?" என்று அவரைத் தேற்றினேன்.

"இருக்கும்."

எதிர்பாராமல் நடந்துவிட்டது என்றே வெகுகாலம் நம்பினேன். முழு பேட்டரியையும் ஒற்றைப் பல்பு தாங்காது என்பது ரேடியோ திருத்துகிறவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்கும் வயது அப்போது எனக்கில்லை.