முத்தாபுதுப்பேட்டை இளநீர்க் கடையில் ஒரு பயனெட்

1993 ஏப்ரல், ஒரு செவ்வாய்க்கிழமை. எம்.ஃபில். ஆய்வுக்காகப் பயனெட்டின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. ஆறு மாதம் நூலகம். ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. தன்னிடம் வந்த ஒன்றை முத்தாபுதுப்பேட்டை இளநீர்க் கடைக்கு விற்றதாகப் பூந்தமல்லி பழைய இரும்புக் கடை பாய் சொன்னார். கடைக்காரர் முன்னாள் காலாட்படைக்காரராம். கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் காலை 8.10 மின்சார ரயில். ஆவடிக்கு ஐம்பது நிமிடம், நான்கு ரூபாய். அம்பத்தூரில் டிபன் பாக்ஸ்களோடு பாதிப் பெட்டி இறங்கியது. உட்கார இடம் கிடைத்தது. குறிப்புகளைப் புரட்டினேன்.

முதலில் கத்தியைத் துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே செருகினார்கள். செருகினால் சுட முடியாது. பிறகு குழலைச் சுற்றி வளையம் வந்தது. சுடவும் செய்யலாம், குத்தவும் செய்யலாம். துப்பாக்கி வேகமாகச் சுடச் சுடக் கத்தி குட்டையானது. ஒரு கட்டத்தில் வெட்டும் விளிம்பே இல்லாத இரும்பு முள்.

ஆவடியிலிருந்து டவுன் பஸ், ஆறேழு கிலோமீட்டர். கடை சாலையோரத்திலேயே இருந்தது. கடைக்காரர் ஏழுமலை அரிவாளால் இளநீரைச் சீவுவார். சீவியதை மனைவி கஸ்தூரியிடம் நீட்டுவார். அவர்தான் நான் தேடி வந்த அந்தப் பயனெட் முள்ளால் துளை போடுவார். ஒருமுறைகூட இது மாறவில்லை.

"மில்ட்ரிக்காரரு வெட்டுவாரு, குத்த மாட்டாரு சார்," என்றார் சைக்கிளில் சாய்ந்திருந்த பாபு, கஸ்தூரியின் தம்பி. "மில்ட்ரி சாமான் ஷோக்கா இருக்கும்னு நான்தான் வாங்கியாந்தேன். தொட்டுப் பாக்கல மனுசன்."

"வாங்கியாந்தவன் நீ. வந்து குத்து," என்றார் கஸ்தூரி.

நான் நோட்டைத் திறந்து என் பட்டியலின் முதல் கேள்வியைக் கேட்டேன். "பயனெட்டால் எத்தனை பேரைக் குத்தியிருக்கிறீர்கள்?"

அரிவாள் நின்றது.

"சொல்லு மாமே. நானும் பத்து வருசமா கேட்டுகினு கீறேன்."

ஏழுமலை மனைவியைப் பார்த்தார். பிறகு இளநீரைப் பார்த்தே பேசினார்.

"ஒருத்தனையும் இல்ல. விடியக்காலம். மேட்டு மேல ஓடச் சொன்னாங்கோ. மேல போனா அவனுங்க எல்லாம் ஓடிட்டானுங்க. ஒருத்தன் மட்டும் குழியில குந்திகினு கீறான். கால்ல அடி. என் வயசுதான் இருக்கும். குத்துன்னு பின்னால கத்துறாங்கோ. நான் நின்னுகினே இருந்தேன். பின்னால வந்தவன் குத்திட்டான். அதுவரிக்கும் அவன் என்னியேதான் பாத்துகினு இருந்தான்."

அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிச்சவரு. என்ன மாரி ஆளு பொஸ்தகத்துல கீறானா சார்?"

"நிறையப் பேர்," என்றேன். பெரும்பாலான தாக்குதல்களில் கத்தி தொடும் முன்பே ஒரு பக்கம் ஓடிவிட்டதையும், நேருக்கு நேர் வந்தபோது குத்த முடியாமல் துப்பாக்கிக் கட்டையால் அடித்தவர்களையும் சொன்னேன். அது பாதி பதில். பின்னால் வருகிறவனைத் தடுக்காமல் நின்றவர்களைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. அதை நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

"இத்த இத்தினி நாளா என் கையில குட்த்துட்டு, எதிர்லயே கம்முனு நின்னுகினு இருந்தியா?" என்றார் கஸ்தூரி. கோபம்தான். குத்தாததற்கு அல்ல. முள்ளை முந்தானையில் துடைத்துத் தம்பியின் சைக்கிள் கேரியரில் வைத்தார். "பாய் கடையிலயே போட்டுட்டு வா."

பாபு அதைப் பேப்பரில் சுற்றிக் கட்டி எடுத்துப் போனார்.

போகிறவர்களுக்கு: ஆவடியில் இறங்கி டவுன் பஸ் பிடியுங்கள், பத்து மணிக்கு முன்னால். அப்புறம் வெயில் தாங்காது. பயனெட் அங்கே இல்லை. பழைய சிப்பாய்களிடம் எண்ணிக்கை கேட்காதீர்கள். இளநீர் மூன்று ரூபாய். ஏழுமலையே சீவி, அரிவாள் முனையால் துளை போட்டுத் தருவார். துளை சற்றுப் பெரிதாக இருக்கும், ஸ்ட்ரா ஆடும். பரவாயில்லை, குடியுங்கள்.