பிள்ளையாரும் டீசல் புகையும்

இப்போது மெல்பேர்னில் பிள்ளையாருக்கு த பேசின் என்ற இடத்து மலையடிவாரத்தில் கோயில் இருக்கிறது. எழுபதுகளில் அவருக்கு நிரந்தர விலாசம் இல்லை. ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையார், வெள்ளிக்கு வெள்ளி ஒரு தமிழ் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவார். முறை வந்த வீட்டார் தங்கள் வாகனத்திலேயே போய் அழைத்து வரவேண்டும் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம்.

அந்த வெள்ளி எங்கள் முறை. ரோவிலில் நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டுக்கு அவர் முதல்தடவையாக வருகிறார். என் மனைவி ஒரு கிழமையாகக் குசினியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு பொலிஸ்காரர் எங்கள் டீசல் காரை மறித்து, முன்கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டிவிட்டார். புகையைச் சரிசெய்து, சோதனையில் காட்டும்வரை, சோதனைக்குப் போவதைத் தவிர, கார் றோட்டில் ஓடக்கூடாது.

"பொலிஸ்காரன்ர கண்ணூறுதான்," என்றாள் மனைவி. "அவன் பாத்த பார்வை சரியில்லை எண்டு நீங்களே சொன்னனீங்கள்."

அந்தக் காரை எனக்கு விற்றவர் பக்கத்து வீட்டு ஜேர்மன்காரர். எங்கள் வீட்டிலோ மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், கலிபோர்னியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, என் காரை வைத்து இரண்டு கண்டங்களுக்குச் சண்டை மூட்டினார்கள். தங்கள் ஊரில் டாக்சியெல்லாம் டீசல்தான், கொஞ்சமாய்க் குடித்து நெடுங்காலம் ஓடும் என்றார் ஜேர்மன்காரர்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "எங்கட பக்கம் புகைமூட்டத்தில கண் எரியும். அதால புதுக்காருகளை மெசின் வச்சு அளந்துதான் விடுவாங்கள். கண்ணுக்குத் தெரியாத புகைக்கும் அங்க சட்டம் இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாததை நம்புற ஆக்களோ? அப்ப நல்ல பக்திமான்கள்தான்," என்றேன்.

இதை ஜேர்மன்காரருக்குச் சொன்னோம். கண்ணுக்குத் தெரிகிற புகைதான் நேர்மையான புகை என்றார் அவர். எங்கள் ஊர்ச் சோதனைக்காரருக்கு இந்த வாதமெல்லாம் இல்லை. புகைக்குழாய்க்குப் பின்னால் நின்று பார்ப்பார், அவ்வளவுதான்.

டீசலைப் புகழ்ந்த வாய்க்காகவோ என்னவோ, ஜேர்மன்காரர் பின்னேரங்களில் காருக்கடியில் கிடந்தார். காற்று வடிகட்டியை மாற்றினார். எண்ணெய் விசிறும் குழல்களைக் கழற்றிக் கழுவினார். வெள்ளி காலையில் மனைவி நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, சாம்பிராணி காட்டிக் கண்ணூறு கழித்தாள். பிறகு மச்சானையும் ஏற்றிக்கொண்டு மூவருமாகச் சோதனைக் கராஜுக்குப் போனோம்.

சோதனைக்காரர் இன்ஜினை முறுக்கச் சொன்னார். "பிள்ளையாரப்பா" என்று மிதித்தேன். குழாயில் புகையே இல்லை. பின்னால் நின்ற மச்சான் சந்தோஷத்தில் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. டிக்கியின் இடுக்கால் வெள்ளைப் புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது.

திறந்தால், தணல் ஆறாத தூபக்கால்.

"வழியிலயும் கண்ணூறு படக்கூடாது எண்டு நான்தான் வச்சனான்," என்றாள் மனைவி.

"காருக்குள்ள நெருப்புச் சட்டியோடி! கலிபோர்னியாவில எண்டா காரை விட்டிட்டு உன்னைத்தான் சோதிப்பாங்கள்," என்றார் மச்சான்.

சோதனைக்காரர் குனிந்து மணந்து பார்த்தார். சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னார்.

"தங்கட சேர்ச்சிலயும் இதே வாசமாம்," என்று மச்சான் தங்கச்சிக்கு மொழிபெயர்த்தார். "சின்னனில பூசைக்குள்ள தும்மித் தும்மித் தாயிட்ட அடி வாங்கினவராம். ஆனா நெருப்பை நூத்தால்தான் மிச்சம் பாப்பாராம்."

தண்ணீர் ஊற்றி நூத்தோம். மறுபடி மிதித்தேன். நல்ல சுத்தம். முன்கண்ணாடியில் பொலிஸ் ஒட்டிய தாளை அவரே உரித்தெடுத்தார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கராஜ் எண்ணெய்க் கையோடு திருப்பிக் கும்பிட்டார்.

பின்னேரம் பிள்ளையார் என் மனைவியின் மடியில் இருந்தபடி எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டார். கடைசி ஏற்றத்தில் கார் கொஞ்சம் இழுத்தது. பின்னால் மெல்லிய கறுப்புச் சுருள் ஒன்று எழும்பியது. மச்சான் திரும்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"கதையாதேங்கோ அண்ணா," என்றாள் மனைவி. "அது அவருக்குத் தூபம்."

"ஓம் ஓம், இது கண்ணுக்குத் தெரியிற தூபம்," என்றார் மச்சான்.

எங்கள் வாசலில் ஜேர்மன்காரர் தலை வாரி, வெள்ளைச் சேர்ட் போட்டு நின்றார். கார் நின்றதுதான் தாமதம், பின்பக்கம் போய் முழங்காலில் இருந்து, குழாயைத் தொட்டு விரலைப் பார்த்தார். என் மனைவிக்குத் தெரிந்ததெல்லாம், தன் பிள்ளையார் வந்திறங்கும்போது அந்த மனிதர் முழங்காலில் இருந்தார் என்பதுதான். பூசை முடிந்ததும் முதல் மோதகம் அவர் கைக்குத்தான் போனது.