கொடுமைக்கார மாமியார் திருந்திய கதை

சினிமாவில் நான் கதாநாயகி ஆகவே இல்லை. கதாநாயகிக்குத் தோழியாக வந்து குடை பிடித்தேன். பிறகு அக்காவானேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் என்னைவிட மூத்த நடிகருக்கு அம்மாவாகவும் ஆக்கிவிட்டார்கள். டிவி சீரியலில் கொடுமைக்கார மாமியார் வேடம் கிடைத்த பிறகுதான் ஊருக்கு என் முகம் தெரிந்தது. எங்கள் ஊர் சந்தவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பெண்கள் என்னைத் திட்டுவார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷமெல்லாம் என் மகனுக்குப் பெண் தேடும்வரைதான். ஜாதகம் பொருந்தும், மாப்பிள்ளையைப் பிடிக்கும், மாமியார் யாரென்று தெரிந்ததும் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். கடைசியில் செங்கத்தில் ஒரு பெண் அமைந்தாள். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வேனில் வந்து இறங்கினார்கள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடித்தால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். நனைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அதனால் ஜமுனாமரத்தூரிலிருந்து சாமை வரவழைத்து, மலைத்தேன் விட்டு, என் கையாலேயே பாயசம் வைத்தேன். புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. முந்தின வாரம்தான் சீரியலில் மருமகளின் பாயசத்தில் மருந்தைக் கலந்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்திருந்தேன்.

டம்ளர்களைத் தட்டில் வைத்து நீட்டினேன். ஒரு கையும் நீளவில்லை. பெண்ணின் அப்பா எடுக்கப் போனார். அவர் மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

"இன்னாங்க அண்ணி, எல்லாருக்கும் சுகருங்களா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க. நீங்க ஒரு வாய் குடிங்க, பார்க்கலாம்."

குடித்தேன். அவசரத்தில் சூடு தொண்டையைச் சுட்டு, புரையேறி, இருமல் பிடித்துக்கொண்டது. கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. என் மகன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, இப்பவும் நடிக்கணுமாம்மா?" என்றான்.

பெண்ணின் அம்மா வாசல்வரை போய்த் திரும்பினார். "தப்பா நினைக்காதீங்க அண்ணி. நடிப்புன்னு தெரியும். ஆனா தெனமும் பார்க்கிறேன், பயமா இருக்குது. சீரியல்ல கைப்புள்ளையோட அந்த மருமகப் பொண்ண வூட்ட வுட்டுத் தொரத்தினீங்களே, மொதல்ல அத இட்டுனு வாங்க. அப்புறம் எம் பொண்ண அனுப்புறேன்."

வேன் போய்விட்டது. மகன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். எனக்கு வந்த கோபத்தில் பாயசம் முழுவதையும் நானே குடித்தேன்.

மறுநாள் சென்னைக்குப் போய் டைரக்டரிடம் கேட்டேன். "மாமியார் திருந்தினா சீரியல எவன் பார்ப்பான்? திருந்தினா உங்கள காசிக்குத்தான் அனுப்பணும்" என்றார். காசி என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். அந்த மாமியாரை விட்டுவிட எனக்கு மனசே இல்லை. யாருக்காவது பின்னாலேயே நின்று பழகிய என்னை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவள் அவள்தான். ஆனால் வேன் போனதிலிருந்து மகன் முகம்கொடுத்துப் பேசவில்லை. காசிக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சீரியலில் மருமகளைத் திரும்ப அழைத்து வந்து, கட்டிக்கொண்டு அழுது, மன்னிப்புக் கேட்டு, ரயிலேறினேன். அது ஒளிபரப்பான அன்றே செங்கத்திலிருந்து போன் வந்தது. மறுமுனையில் ஒரே விசும்பல். "நாளைக்கே வர்றோம் அண்ணி, சமைச்சு வைங்க." வந்தார்கள், கை நனைத்தார்கள், பாயசத்தை மறுமுறையும் கேட்டு வாங்கினார்கள்.

படவேட்டில் கோயில் கல்யாணம். மகன் முகத்தைப் பார்த்ததும் போன வேலைக்குக்கூட எனக்கு வருத்தமில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா என் இலையில் ஒரு வடையை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நீங்க காசிக்குப் போனதிலேர்ந்து அந்த சீரியல நான் பார்க்கிறதே இல்லீங்க அண்ணி. சப்புன்னு போச்சு. உங்கள யாருங்க திருந்தச் சொன்னது?"