நாலு வெளிச்சத்திலும் மறையாத புள்ளி

மனிதத் தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று முழுசாக அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள், இன்னொருவர் சித்தி. கடவுளுக்குச் சந்தேகம் வந்தால் சித்திக்குத்தான் போன் போடுவார். அவளும் டோக்கன் வாங்கிக்கொண்டு வரச் சொல்வாள்.

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் பதினோரு வருடமாகத் தோலைப் படம் எடுக்கிறாள். அக்கா மகள் வாலு கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாட்ச்மேன் முதல் டாக்டர்வரை எல்லோருக்கும் அவள் சித்தியாகிவிட்டாள். கைக்கு அடக்கமான கருவி, முனையில் கண்ணாடி. அதைத் தோலில் அழுத்தி, நாலு வெளிச்சத்தில் நாலு படம் எடுப்பாள். நீலம் மேல்தோலோடு நின்றுவிடும், ஆனால் துல்லியமாகக் காட்டும். பச்சையில் ரத்தக்குழாய்கள் கறுத்துத் தெரியும். சிவப்பு இன்னும் உள்ளே போகும். கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புதான் அடிவரை இறங்கும், ஆனால் அங்கே எல்லாம் பாலில் முக்கியெடுத்த மாதிரி மங்கலாகத்தான் இருக்கும்.

அன்று கட்டிலில் குப்புறப் படுத்திருந்தது சித்தியின் அக்கா, அதாவது வாலுவின் அம்மா. முதுகில் ஒரு மச்சம் இரண்டே மாதத்தில் பெருத்திருந்தது.

நீலத்தில் மச்சம் மொத்தமும் கறுப்பு, அதன் நடுவில் இன்னும் கறுப்பாக ஒரு புள்ளி. பச்சையிலும் ஏறக்குறைய அப்படித்தான். சிவப்பில் வெளிறியது. அகச்சிவப்பில் மச்சமே காணாமல் போனது. மேலோட்டமான மச்சம் அப்படித்தான் மறைய வேண்டும். ஆனால் நடுவில் இருந்த அந்தப் புள்ளி மறையவில்லை. கரித்துண்டு மாதிரி திரையில் அப்படியே நின்றது.

அப்படியானால் ஆழத்தில் ஏதோ இருக்கிறது.

"என்னடி, இவ்வளவு நேரமா?" என்றாள் அக்கா, தலையணைக்குள்ளிருந்து.

"மூச்சைப் பிடிச்சுக்கோ அக்கா. படம் ஆடுது."

"நான் எங்கடி ஆடறேன்? உன் கைதான் ஆடுது."

உண்மைதான். ஜன்னலோரம் நின்ற வாலுகூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அது சித்தியை இன்னும் பயமுறுத்தியது. ஒரு பொத்தானைத் தட்டினால் படங்கள் பக்கத்து அறை டாக்டரிடம் போய்விடும். அப்புறம் கத்தி, தையல், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்கள். விரல் பொத்தான்மேல் இருந்தது, தட்ட மனசு வரவில்லை.

நாலு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. புள்ளியின் ஓரம் நாலிலும் பிளேடால் வெட்டிய மாதிரி ஒரே கூர்மை. சதைக்குள் இருக்கிற எதுவும் இப்படித் தெரியாதே! ஆழத்தில் இருந்தால் ஓரம் கலங்க வேண்டும், வெளிச்சம் மாறினால் அதுவும் மாற வேண்டும்.

கருவியை ஒரு விரற்கடை நகர்த்தினாள். திரையில் மச்சம் நகர்ந்தது. புள்ளி நகரவில்லை.

பஞ்சால் கண்ணாடியைத் துடைத்தாள். பஞ்சில் கறுப்பாக ஒரு தீற்றல். மறுபடி நாலு படம். அகச்சிவப்பில் எதுவும் இல்லை, வெறும் பால். சித்தி இப்போது பொத்தானைத் தட்டினாள்.

"மேலாகத்தான் இருக்கு. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் சித்தி வாலுவின் முகத்தைத் திருப்பினாள். இடது கண் மை கன்னம்வரை வழிந்திருந்தது. வலது கண்ணில் வழிய மையே இல்லை.

"மை எங்கடி?"

"அழுததுல கலைஞ்சிடுச்சு சித்தி."

"ஒத்தைக் கண்ணாலயா அழுதே? கண்ணாடியைத் துடைச்சுட்டு அக்காவுக்கு ஜாக்கெட் ஊக்கைக் கழட்டத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து..."

"அந்தக் கண்ணாடியில கண்ணை வெச்சா திரையில யானைக் கண்ணு மாதிரி தெரியுமான்னு பார்த்தேன். அம்மாவைப் பயமுறுத்தலாம்னு..."

"நல்லாவே பயமுறுத்தினே, ஆனா என்னை! என்னைப் பத்தி நோட்டுல எழுதறியாமே, கடவுளே எனக்குப் போன் போடுவார்னு? இதையும் எழுது. கண்ணை வெச்சது யாருன்னு சேர்த்து எழுது."