தெற்குக் காற்றில் வந்த தம்பி

இது நடந்தது. யாரோ யாருக்கோ சொன்னதாக நான் அளக்கவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் சான் ஹோசே ஊருக்குத் தெற்கே, ரயில் பாதை தாண்டி, சொய்லாவின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். நாலு பக்கமும் மாட்டுப் பண்ணை. ஆனால் அந்த வீட்டு அடுப்பில் மட்டும் மாட்டுக்கறி ஏறாது. பால்கூட வாங்க மாட்டாள். ஏன் என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எனக்குச் சொன்னவர் ஃபவுஸ்தினோ. அந்தப் பண்ணையில் அப்போது மாடு மேய்த்தவர். பொய்யே சொல்லாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். சீட்டாட உட்கார்ந்தால் அவர் வாயிலிருந்து வருவது பாதி பொய். ஆனால் இதைச் சொல்லும்போது அவர் கையிலிருந்த காபி ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது. அவர் குடிக்கவே இல்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. விடிந்ததிலிருந்தே வடக்குக் காற்று. சூளைக்குள் நிற்பது போல வெக்கை. சொய்லா கைக்குழந்தை மிர்த்தாவைத் தூளியில் போட்டு, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் காசியானோவும் தம்பி எலாடியோவும் சட்டையில்லாமல் உட்கார்ந்து, உப்புக்கண்டம் போட்டு இடித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்கள். திடீரென்று காற்று நின்றது. ஓர் இலை அசையவில்லை. கோழிகள் தாமாகவே கூட்டுக்குள் ஓடின. அடுத்த நிமிடம் தெற்கிலிருந்து கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தது சூராசோ என்ற குளிர்காற்று.

தெற்குக் காற்றுக்குத் தென்றல் என்று பெயர் வைத்த புண்ணியவான் இந்தச் சீமையில் ஓர் ஆகஸ்ட் மாதம் இருந்து பார்த்திருக்க வேண்டும். சூராசோ வந்தால் வியர்வை உடம்பிலேயே பனிநீர் ஆகிவிடும். கூடவே ஊசி ஊசியாகத் தூறல். திமில் வைத்த இந்த வெள்ளை மாடுகள் வெயிலுக்குப் பிறந்தவை. மெல்லிய தோல். நனைந்து குளிரில் நின்றால் முட்டி மடங்கி விழும். விழுந்தால் எழாது.

"சினை மாடெல்லாம் கடைசிப் புல்வெளியில நிக்குது," என்றான் எலாடியோ, குதிரைக்குச் சேணம் கட்டியபடி. "காட்டோரம் ஒதுக்கிட்டு வந்துடுறேன் மச்சான். நீங்க இந்தப் பக்கம் பாருங்க."

"கம்பளிய எடுத்துட்டுப் போடா," என்றாள் சொய்லா.

"அத மச்சானுக்குப் போத்தி விடு. மாட்டுக்கு முன்னாடி அவருதான் விழுவாரு போல."

"ஒனக்கு எது விறைச்சாலும் வாய் விறைக்காதுடா மாப்ளே," என்றான் காசியானோ.

எலாடியோ சிரித்துக்கொண்டே போனான். இருபத்திரண்டு வயது. தாய் இல்லாத பையன்; சொய்லாதான் தூக்கி வளர்த்தாள்.

இருட்டுவதற்குள் காசியானோ வந்து சேர்ந்தான். எலாடியோ வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காசியானோவும் ஃபவுஸ்தினோவும் தேடிப் போனார்கள். தூறலில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் செத்த மாடுகள்தான். வீட்டு வாசல்வரை, பட்டியை ஒட்டிக் குவியல் குவியலாகக் கிடந்தன. வயிறு ஊதி, கால்கள் கட்டைபோல நீட்டிக்கொண்டு, நாக்கு ஒரு முழம் வெளியே தள்ளியபடி. தோலாவது மிஞ்சட்டும் என்று பண்ணை ஆட்கள் பாதி மாடுகளை உரித்துவிட்டார்கள். உரித்த தோல்களைச் சொய்லாவின் சமையலறைச் சுவரோரம்தான் அடுக்கினார்கள். நீலம் பாய்ந்த கொழுப்பு சுவரில் வழிந்தது.

நாற்றமே இல்லை. ஓர் ஈ இல்லை. குளிர் எல்லாவற்றையும் அப்படியே பிடித்து வைத்திருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது. செத்தது அழுகத்தானே வேண்டும்? இவை பளபளவென்று, இப்போதுதான் குளித்து எழுந்தவை போல, காத்துக் கிடந்தன.

திங்கட்கிழமை ஆண்கள் இருவரும் கடைசிப் புல்வெளிக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினார்கள். வீட்டில் சொய்லா, குழந்தை, பிராபோ என்ற நாய். அவ்வளவுதான்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். பகல்தான். ஆனால் வானம் ஈயத் தகடுபோல் தாழ்ந்து, வீட்டுக்குள் அந்தி மாதிரி இருந்தது. அடுப்பில் சோறும் கோழியும் கஞ்சியாகக் கொதித்துக்கொண்டிருந்தன.

வெளியே ஒரு சத்தம்.

சளக்... சளக்...

ஈரத்துணியைத் தரையில் அடித்து அடித்து வைப்பது போல. நாய் தலையைத் தூக்கியது. குரைக்கவில்லை.

கதவு தட்டப்படவில்லை. யாரோ கதவோடு கதவாக உடம்பை வைத்துத் தேய்த்தார்கள். மாடுகள் கம்பத்தில் தேய்த்துக்கொள்ளுமே, அப்படி.

"யாரு?"

"நான்தான்க்கா."

சொய்லா அழுதுகொண்டே தாழ்ப்பாளைத் திறந்தாள். எலாடியோ நின்றான். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளக் கை நீட்டியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்று நாளாக இல்லாத நாற்றம் அவனோடு உள்ளே வந்தது. மாட்டின் வயிற்றைக் கிழித்ததும் ஓர் ஆவி எழும். பாதி செரித்த புல்லும், புளிப்பும், லேசான தித்திப்பும் கலந்த வெதுவெதுப்பான ஆவி. அந்த நாற்றம்.

தலைமுடி நெற்றியில் சப்பென்று ஒட்டியிருந்தது, தாய்ப்பசு நக்கிவிட்ட கன்றுக்குப் போல. முகம் முழுக்க வழவழப்பு. விரல்களுக்கு நடுவே மெல்லிய சவ்வு. அவன் விரல்களை விரித்தபோது அது இழுபட்டது, அறுந்தது. சட்டையிலிருந்து சொட்டிய நீர் தரையில் விழுந்து புகைந்தது.

அவன் உடம்பு நடுங்கவில்லை. அதைத்தான் அவள் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

"எங்கடா இருந்த இத்தன நாளு?"

"குளிருதுக்கா."

"இப்படி அடுப்புகிட்ட வா. சட்டையக் கழட்டு."

"நெருப்பு வேணாம். அந்தச் சூடு மேலதான் நிக்குது. உள்ள போகல."

அவள் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். தம்பியாயிற்றே. மூச்சை அடக்கிக்கொண்டு, கிண்ணத்தைக் கைநீட்டிக் கொடுத்தாள். அவன் வாயில் வைத்தான். கஞ்சி இரண்டு ஓரத்திலும் வழிந்தது. தொண்டை அசையவில்லை. ஆனால் தாடை அசைந்தது. பக்கவாட்டில். இப்படியும் அப்படியும். வாயில் எதுவும் இல்லாமலே மென்றுகொண்டிருந்தான்.

அப்புறம் இருமினான். கிண்ணத்தில் என்னவோ விழுந்தது.

பச்சையாக ஒரு கவளம். மென்ற புல்.

சொய்லா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். தூக்கி வளர்த்தவனைப் பார்த்து இப்படிக் குமட்டுகிறதே என்று அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. துணியை வெந்நீரில் நனைத்தாள். முகத்தைத் துடைத்துவிடலாம் என்று திரும்பினாள்.

அவன் நாற்காலியில் இல்லை.

தரையில் படுத்திருந்தான். நாயைக் கட்டிக்கொண்டு. முழங்காலை மார்போடு மடக்கி, முகத்தை நாயின் வயிற்றில் புதைத்து.

"எந்திரிடா. என்ன பண்ற?"

"இதுகிட்ட சூடு இருக்கு."

நாய் ஒரே ஒரு தடவை முனகியது. அப்புறம் இல்லை.

அவன் எழுந்தான். நாய் எழவில்லை. சொய்லா குனிந்து தொட்டாள். வாசலில் கிடந்த மாடுகளைப் போல விறைத்திருந்தது. வெளியே அல்ல... அடுப்புக்கு மூன்றடி தள்ளி, வீட்டுக்குள்.

"போதல," என்றான்.

தூளி அசைந்தது. மிர்த்தா விழித்துவிட்டாள்.

அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

சளக்... சளக்...

"எலாடியோ. அங்க போகாத."

"கொஞ்ச நேரம்க்கா. அணைச்சுக்கிறேன்."

தூளியின் மேல் குனிந்தான். அவன் மோவாயிலிருந்து ஒரு சொட்டு நீண்டது... கோழை போல... அறுந்து குழந்தையின் போர்வையில் விழுந்தது.

சொய்லா எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் தோளை இடித்துத் தள்ளிக் குழந்தையை வாரி எடுத்தாள். இடித்த கை வழுக்கிக்கொண்டு போனது. சட்டை, தோல் என்று தனித்தனியாக எதுவும் இல்லை. எல்லாம் ஒரே வழவழப்பு. வெதுவெதுப்பு.

மூலையில் கிழங்கு இடிக்கும் உலக்கை இருந்தது. எடுத்தாள்.

"வெளிய போ."

"நான் உன் தம்பிக்கா."

"வெளிய போ."

"அங்க எடம் சின்னது. ஆனா நல்லா சூடா இருந்துச்சு. இப்ப அதுவும் ஆறிப்போச்சு. அதான் வந்தேன்."

"போடா..."

அவன் கோபப்படவில்லை. முகம் மட்டும் சிறு பிள்ளையின் முகம்போல் கோணியது. வெளியே போனான். அவள் தாழ்ப்பாளைப் போட்டு, மேசையை இழுத்துக் கதவோடு வைத்தாள்.

அவன் நின்ற இடமெல்லாம் தரையில் பிசுக்கு. சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். கொதிக்கிற நீரை ஊற்றித் தேய்த்தாள். போகவில்லை. கையில் ஒட்டியது. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள், மோந்து பார்த்தாள், வாந்தியெடுத்தாள். குழந்தையின் போர்வையை அடுப்பில் எறிந்தாள். அது எரியும்போது கொழுப்புப் பொரிவது போலச் சத்தம் வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனை, இந்தக் குளிரில், நாற்றம் அடிக்கிறான் என்று துரத்திவிட்டோம்.

மேசையைத் தள்ளினாள். கதவைத் திறந்தாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு கத்தினாள். "எலாடியோ... உள்ள வாடா... எலாடியோ..."

தூறல் நின்றிருந்தது. செத்த மாடுகளுக்கு அப்பால் யாரும் இல்லை.

அன்றிரவு வானம் வெளுத்து, பனி இறங்கியது. காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் வெள்ளையாகக் கிடந்தது. வழியில் ஒரு குடிசையில் இரவு தங்கிவிட்ட ஆண்கள், மறுநாள் மதியம்தான் திரும்பினார்கள். ஃபவுஸ்தினோவின் குதிரைமேல் குறுக்காக, தார்ப்பாயில் சுற்றிய ஒன்று கிடந்தது. சொய்லாதான் முந்திக்கொண்டாள்.

"நான்தான் கொன்னுட்டேன். நேத்து வந்தவன நான்தான் வெரட்டினேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்தா?" என்றார் ஃபவுஸ்தினோ. "இல்ல தாயி. அவன் சனிக்கிழம ராத்திரியே போயிட்டான்."

சொன்னார். கடைசிப் புல்வெளியில் எலாடியோவின் குதிரை செத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு சினைப் பசு. அதன் வயிற்றை நீளக் கிழித்து, குடலை வெளியே இழுத்துப் போட்டிருந்தான். போக்கிடம் இல்லாத மாட்டுக்காரன் செய்கிற கடைசி வேலை. சூடு இருக்கிறவரை உயிரோடு இருக்கலாம் என்று உள்ளே புகுந்து படுத்துக்கொள்வது. ஆனால் தோல் குளிரில் சுருங்கி, கிழித்த வாய் இறுகி, பலகைபோல் மூடிக்கொண்டுவிட்டது. வெளியே இழுத்துப் போட்ட குடல் மூன்று நாள் தூறலில் ஊறி வெளுத்துப் போயிருந்தது. கோடாலி போட்டுப் பிளந்துதான் அவனை எடுத்தார்கள். உள்ளிருந்து யாரும் வந்திருக்கவே முடியாது.

"அவன் இங்க வந்தான்," என்றாள் சொய்லா.

காசியானோ விறைத்துக் கிடந்த நாயைப் பார்த்தான்.

செத்தவர்களைக் குளிப்பாட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை. பக்கத்தில் வேறு பெண் இல்லை. வேண்டாம், நானே செய்கிறேன் என்றான் காசியானோ. அவள் விடவில்லை. அண்டா நிறைய வெந்நீர் வைத்தாள். மேசையில் கிடத்தி, தார்ப்பாயை விரித்தாள். அதே வழவழப்பு. அதே சவ்வு. மாட்டின் விலா எலும்போடு ஒட்டியிருந்த பக்கத்துக் கன்னத்தில் தோலே இல்லை. இந்தத் தடவை அவள் முகத்தைத் திருப்பவில்லை. நெற்றியைத் துடைத்தாள். காது மடலைத் துடைத்தாள். விரல் விரலாகப் பிரித்துக் கழுவினாள். கழுவக் கழுவ வாய்க்குள் எச்சில் ஊறியது, விழுங்கிக்கொண்டு கழுவினாள்.

கைகள் மட்டும் மார்பைவிட்டு வரவில்லை. எதையோ இறுக்கி அணைத்திருந்தன.

"அத விட்டுரு சொய்லா," என்றான் காசியானோ. "நாங்களும் பாத்தோம். பிரிக்க வரல."

அவள் சட்டையை விலக்கினாள்.

கன்று. பிறக்காத கன்று. கண் திறக்காமல், மயிர் முளைக்காமல், குளம்பு இன்னும் வெண்ணெய்போல் இருந்தது. அவன் தொப்புளோடு அதன் தொப்புள் கொடி சுற்றிக் கிடந்தது.

எலாடியோவின் மார்பில் கை வைத்தாள். கல்.

கன்றின்மேல் வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பிரிக்க முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகவே பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள். பனி இறுகிப்போன தரையில் குழி தோண்ட மாலையாகிவிட்டது. பெட்டியின் அடியில் கை கொடுத்துத் தூக்கியவர் ஃபவுஸ்தினோ.

"கையுறை போட்டிருந்தீங்களான்னு கேக்காத," என்றார் என்னிடம். "போடல. குழியில எறக்குற வரைக்கும் அந்தப் பலக சூடாத்தான் இருந்துச்சு."