துணைக்கு ஒருவர் மட்டும்

போன வாரம் என் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. நாட்டாமை நான்தான்... வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் சத்தியவேட்டின் கூத்துக் கலைஞர் முனிரத்தினத்துக்கு டெல்லியில் விருது. மேடையில் நிகழ்த்தும் கலைகளுக்காகத் தருகிற தேசிய விருது! துரியோதனன் வேஷத்துக்கு அவரை விட்டால் சுற்றியுள்ள ஐந்து மண்டலங்களில் ஆள் இல்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், துணைக்கு ஒருவர்தான் வரலாமாம். யாரை அழைத்துப் போவது? மனைவி கன்னியம்மாவையா, எல்லப்பனையா?

எல்லப்பன் யார் என்பீர்கள். முப்பது வருடமாக முனிரத்தினத்துக்குப் பின்பாட்டு. இவர் ஓரடி பாடினால், பின்னால் நின்று அதை வாங்கிப் பாடி, இவர் மூச்சு வாங்க இடம் கொடுப்பவர். அவர் இல்லாமல் முனிரத்தினம் ஆடி நான் பார்த்ததே இல்லை.

விருதுக்கு ஒரு பெயர் போதும். கூத்துக்குப் போதுமா?

கன்னியம்மா ஆரம்பித்தார். "நீங்களே சொல்லுங்க சார். ராத்திரி முச்சூடும் இந்த ஆளு கூத்து கூத்துன்னு போய்க்கினே இருந்தாரு. ரேணிகுண்டா ஏரோப்ளேன நான் கிட்ட போயி பார்த்திருக்கேனா?"

"அதுக்கில்ல தங்கச்சி," என்றார் எல்லப்பன். "அங்க இவன் வாயத் தொறந்தா, அடுத்த அடி எடுக்க நீ வருவியா?"

"வாயத் தொறக்கவே வுட மாட்டாங்களாம்ணே. நடந்து போயி வாங்கினு வரணுமாம். அவ்ளோதான்."

எல்லப்பன் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப எனக்கு இன்னா வேலை அங்க? கூட்டினு போ நைனா, பொண்டாட்டியவே கூட்டினு போ."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மேடையில் இடி மாதிரி முழங்குகிற முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மாவோடு அவர் டெல்லி கிளம்பும் நாள் வரை நண்பர்கள் இருவருக்கும் பேச்சில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விமானம் நேரத்துக்குக் கிளம்பியதா? மேடைப் படியில் முனிரத்தினம் தடுக்கிவிட்டால்? அதையெல்லாம் விட... முப்பது வருடச் சிநேகம் ஒரு டிக்கெட்டோடு முடிந்துவிடுமா?

விழா அன்று பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனேன். பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் நேரலை. கடைக்காரர், "ரண்டி சார், ரண்டி!" என்று தெலுங்கில் கூப்பிட்டார். அங்கே எல்லப்பனும் இருந்தார். ஆனால், போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு!

"பாக்கலியா?" என்றேன்.

"டீ குடிக்க வந்தேன் சார்."

ஒவ்வொருவராக வந்தார்கள். நடனம், நாடகம், வீணை. பெயர் கூப்பிட்டதும் நடை, வணக்கம், விருது, போட்டோ. யாருமே ஆடவில்லை, பாடவில்லை. கலைஞர்களை இவ்வளவு அமைதியாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"ஆளுக்குப் பன்னிரண்டு நொடி," என்றேன்.

முதுகு பேசியது. "பன்னெண்டு நொடியா? எங்க துரியோதனன் திரைய வுட்டு வெளிய வரவே அரை மணி ஆவும் சார்!"

அதற்குள் முனிரத்தினத்தின் பெயரைப் படித்தார்கள். வெள்ளை வேட்டி சட்டையில், மேடை ஓரத்தில் தயங்கி நின்றார். எதற்காகவோ காத்திருக்கிறவர் மாதிரி.

எல்லப்பன் சட்டென்று திரும்பினார்.

"அடப்பாவிங்களா! பாட்டு இல்லாம வேஷம் எப்படி மேடைக்கு வரும்?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டார். "வாராரே... வணங்காமுடி மன்னர் வாராரே..." என்று துரியோதனனின் வரவுப் பாட்டை எடுத்தார் பாருங்கள்! சென்னை பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் அப்படியே திரும்பியது. கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார்.

போனில் முனிரத்தினம் நடக்க ஆரம்பித்தார்.

நேரலை என்று பெயர்தான். நம் போனுக்கு அரை நிமிடம் பிந்தித்தான் வரும் என்று என் மகன் சொல்லியிருக்கிறான். கணக்குப் பார்த்தால், எல்லப்பன் முதல் அடியை எடுப்பதற்கு முன்பே முனிரத்தினம் விருதை வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வரவுப் பாட்டு நடக்கும்போது யாராவது குறுக்கே பேசுவார்களா?