திருப்பி வாங்கிய கலயங்கள்

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு நடந்தது இது. திருச்சியில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து, ஏழைப் பெண்கள் தங்கிப் படிக்க ஒரு விடுதி நடத்தி வந்தோம். அவர்கள் சாப்பாட்டுக்குப் பிடி அரிசிதான் ஆதாரம். ஸ்ரீரங்கத்தில் ஒரு தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு மண் கலயம் கொடுத்திருந்தோம். தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து அதில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் நான் மாட்டு வண்டியில் போய், வாசலில் விடுதிப் பெண்களைப் பற்றி நாலு வார்த்தை பேசி, வாங்கி வருவேன்.

ஒரு நாள் ஜீயபுரத்து மிராசுதார் ஒருவர், விடுதிக்கு வேண்டிய நெல் முழுவதையும் தாமே அனுப்புவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமையே தெருவுக்குப் போய், “இனிமே உங்களுக்குச் சிரமம் வேண்டாங்க” என்று கும்பிடு போட்டு, கலயங்களைத் திருப்பி வாங்கி வந்துவிட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு! என்னைவிடச் சின்னவளான ஒரு வீட்டு மருமகள் மட்டும், கலயம் விரிசல் விட்டுவிட்டது, தூக்கிப் போட்டாயிற்று என்றாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் ஜோராக ஓடியது. பிறகு நெல் வண்டி வரவில்லை. மிராசுதார் வீட்டில் பாகப்பிரிவினை, நிலமெல்லாம் வழக்கில் மாட்டிக்கொண்டது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நெல்லை வாங்கிக்கொண்டோமே தவிர, அவர் வீட்டுப் பக்கம் நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

விடுதியில் மூன்று நாளைக்குத்தான் அரிசி இருந்தது. பெண்களை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. உப்பிலியபுரத்துப் பெண் ஒருத்தி அதைக் கேட்டதிலிருந்து அழுதுகொண்டே இருந்தாள். ஊருக்குப் போனால் கல்யாணம்தான், திரும்பி வர முடியாது. மற்றவர்களுக்கும் அதே கதிதான்.

வெட்கத்தை விட்டு, கலயங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அதே தெருவுக்குப் போனேன். முதல் வீட்டு மாமி முகம் கொடுத்தே பேசவில்லை.

“எங்க அரிசி வேண்டாம்னுதானே கலயத்தை எடுத்துண்டு போனேள்?” என்றாள்.

அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. தப்பு என்னுடையது, ஆனால் கோபமும் எனக்குத்தான் வந்தது. மூன்றாவது அந்த மருமகளின் வீடு. விஷயத்தைச் சொன்னேன். “சித்த இருங்கோ அக்கா” என்று உள்ளே போனவள், ஒரு தவலையை இழுத்துக்கொண்டு வந்தாள். அது நிறைய அரிசி. அதன் மேலே எங்கள் கலயம், ஒரு கீறல்கூட இல்லாமல்!

“அன்னிக்குப் பொய் சொன்னேன் அக்கா. கை பழகிடுத்து. எடுத்து வைக்காம உலை வைக்க மனசு வரலை. மாசாமாசம் வெயில்ல காயவெச்சு, வண்டு வராம பார்த்துண்டேன்.”

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவளோ அரிசிப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

“கணக்கு வரலைன்னு அழுவாள்னு சொல்வேளே, அந்த உப்பிலியபுரத்துப் பொண்ணு பாஸ் பண்ணினாளா? நீங்க வந்தா கேக்கணும்னு சனிக்கிழமையெல்லாம் வாசலையே பார்த்துண்டிருந்தேன்.”

பாஸ் பண்ணியிருந்தாள். அதுவும் கணக்கில் வகுப்பிலேயே முதல். அதை அந்தத் தெருவில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண்ணையே கையோடு அழைத்துப் போனேன். வீடு வீடாக அவளே தன் சேதியைச் சொன்னாள். முகம் கொடுக்காத மாமி அவள் கன்னத்தை வழித்து, “சமத்து!” என்று திருஷ்டி கழித்தாள். கதவு திறக்காத வீட்டிலிருந்து, “எங்காத்துக் கலயம் எங்கே?” என்று அதட்டல் வந்தது. மத்தியானத்துக்குள் வண்டியில் ஒரு கலயமும் மிச்சமில்லை. அன்றைக்கே அளந்து போட்ட அரிசியோடு, ராணி மாதிரி காவிரிப் பாலம் தாண்டித் திரும்பினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பெண் என்னோடு வந்து தன் சேதியைச் சொன்னாள். யுத்த காலத்தில் ரேஷன் வந்து, அவரவர் வீட்டிலேயே அரிசிக்குத் திண்டாட்டம். பிடி சிறுத்தது, ஆனால் ஒரு வீட்டிலும் நிற்கவில்லை. ஒரு பெண்ணைக்கூட நாங்கள் ஊருக்கு அனுப்பவில்லை!

உப்பிலியபுரத்துப் பெண் இப்போது புத்தூரில் கணக்கு டீச்சர். வேலைக்கு உத்தரவு வந்த அன்று, எனக்குச் சொல்லுமுன் அவள் ஸ்ரீரங்கத்துக்குத்தான் ஓடினாள். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, அவள் சேதிக்காக என்னைவிட அதிக நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அங்கேதான் இருந்தாள்.